பெண்கள் அறைக்குப் போகும் வழி

அமைதிப் படை முகாமில் அவளுக்குத் துருவி என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதை மேலதிகாரிகள் கையெழுத்து வாங்கும்போது மட்டும் உபயோகித்தார்கள். எதையும் தோண்டித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள் என்பதால் முகாம் சமையல்காரர் வைத்த பெயர் இது. அரிசி குழைந்ததற்கு அடுப்பு காரணமா, ஆள் காரணமா என்று ஒருநாள் அந்த மனிதரைக் கரண்டியும் கையுமாக நிற்கவைத்துக் கேட்டாளாம். அன்று மதியம் முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட துருவிக்கே விடை கிடைக்காத கேள்வி ஒன்று இப்போது வந்து சேர்ந்திருந்தது. அவளுடைய அறைக்கு ஏன் ஒரு பெண்கூட வருவதில்லை?

அறையைக் குறை சொல்ல முடியாது. இளநீலத் திரைச்சீலை, கர்னலே கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்தது. மெத்தை வைத்த நாற்காலிகள், தண்ணீர்ச் சாடி, கூட வரும் குழந்தைகளுக்கு ஒரு பை நிறைய விளையாட்டுச் சாமான். கதவில் அந்த ஊர் மொழியில் 'பெண்கள் அறை' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு முகாமிலும் பெண்களின் குறைகளைக் கேட்க ஒரு பெண் அதிகாரி இருக்க வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டிருந்தது. முகாமில் அறுநூறு ஆண்கள், நான்கு பெண்கள். நால்வரில் ஊர் மொழி பேசத் தெரிந்தவள் துருவி ஒருத்திதான். அதனால் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் அவள் வாசல் காவலில் இருந்தாள். துணி துவைக்கிறவர்கள், காய்கறி கொண்டுவருகிறவர்கள், நர்ஸிடம் மருந்து வாங்க வருகிறவர்கள் என்று முகாமுக்குள் வரும் பெண்களைப் பலகையால் அடைத்த ஒரு சின்ன மறைப்புக்குள் கூட்டிப்போய்ச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. மொழியையே அந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டாள். அவள் அறைக்குப் போனதும் மறைப்பைப் பிரித்துவிட்டார்கள். பலகை வீணாகக் கூடாது என்று அதிலேயே அவள் அறைக்கு ஓர் அலமாரி அடித்துக் கொடுத்தார் தச்சர். துருவிக்கு அலமாரி பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் நாற்காலி அதைவிடப் பிடித்திருந்தது. நாள் முழுக்க வெயிலில் நின்ற காலுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஆனால் மூன்று வாரமாக அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஈயும் திரைச்சீலை பார்க்க வந்ததோ என்னவோ, கொஞ்சநேரம் சுற்றிவிட்டுப் போய்விடும்.

இதெல்லாம் சும்மா ஒரு வேடிக்கை என்று விட்டிருக்கலாம். கர்னல் கூப்பிட்டு அனுப்பினாரே, அதற்கப்புறம் விட முடியவில்லை.

"ஆத்து ரோட்டு ரோந்து விஷயமா வெள்ளிக்கிழமை நான் பதில் அனுப்பணும். வண்டி பத்தலை, தேவையில்லாத ரோந்தை நிறுத்துன்னு மேலேருந்து ஒரே நச்சரிப்பு. அந்த ரோட்டுல பெண்களுக்குத் தொந்தரவு இருக்கா, இல்லையா? உங்க ரூம்ல என்ன சொல்றாங்க?"

"யாரும் வரலை சார்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட வரலை."

கர்னல் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தொந்தரவு இல்ல. நல்ல சேதிதானே!"

துருவி சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள். ஆற்றுச் சாலை அவளுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கும் விறகுக்கும் போகும் ஒரே வழி அது. சண்டை நின்றபிறகும் துப்பாக்கியைக் கீழே வைக்காத சிலர் அந்தப் பக்கம் திரிந்தார்கள். முன்பு வாசலில் ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னதை இவள் பேச்சுவாக்கில் கர்னலிடம் சொல்லப் போய்த்தான் அந்த ரோந்தே ஆரம்பித்தது. இப்போது யாரும் வந்து எதுவும் சொல்லாததால் அது நிற்கப் போகிறது. ஆள் வரவில்லை என்பதும் தொந்தரவு இல்லை என்பதும் எப்படி ஒன்றாகும்?

முதலில் நர்ஸைக் கேட்டாள்.

"என் ரூமுக்கும்தான் பொம்பளைங்க யாரும் வர்றதில்ல" என்றாள் நர்ஸ். "எல்லாரும் திடீர்னு ஆரோக்கியமா ஆயிட்டாங்கபோலன்னு நெனச்சு, மருந்து அலமாரியத் தொடச்சு வச்சிட்டேன்."

பிறகு ரோந்து ஜீப்பில் ஏறித் சந்தைப் பக்கம் போய் இறங்கினாள். காய்கறி வாங்கிக்கொண்டிருந்த பெண்களிடம், ஆற்றுப் பக்கம் ஏதாவது சிக்கல் உண்டா என்று கேட்டாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற ஆண்களைப் பார்த்தார்கள், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை ஒற்றுமையாக அந்தப் பெண்கள் எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. சந்தேகம் இன்னும் வலுத்தது.

முட்டை விஷயமும் இருந்தது. தினம் கூடையோடு உள்ளே வந்துபோகும் முட்டைக்காரம்மாவைக் காணோம். முட்டை இப்போது ஓர் ஆளின் வண்டியில் வந்து இறங்கியது. துருவியின் கண்ணில் அது பட்டது, மண்டையில் ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான்போல.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவர் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். மகளுக்குத் தலைவாரிக்கொண்டே பேசினார். பின்னணியில் மகள் இழுக்காதீங்க, இழுக்காதீங்க என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆபீஸரம்மா, இன்னிக்காவது போணி ஆச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நெஜமாவே புரியலைங்க. ரூம் நல்லாத்தான் இருக்கு, நான் நல்லாத்தான் பேசுவேன். ஏன் வர மாட்டேங்கறாங்க?"

"எங்க முதலாளியும் இப்படித்தான் கல்லாவுல உக்காந்துகிட்டு, கூட்டம் இல்லையே, கூட்டம் இல்லையேன்னு பொலம்பிக்கிட்டு இருந்தார். ஒருநாள் அவர் சம்சாரம், 'பின்பக்கமா வந்து உக்காந்தா எப்படித் தெரியும்? தெருவுலேருந்து உள்ள வந்து பாருங்க'ன்னாங்க. வந்து பார்த்தா, வாசப்படிலயே சாக்கடை மூடி தெறந்து கிடக்கு."

துருவி போனைப் பிடித்தபடி எழுந்து போய் முன்வாசலை எட்டிப் பார்த்தாள்.

"இருக்கியா?"

"இருக்கேன். நான் அந்த வாசல் வழியா நடந்தே போனதில்லைங்க. ஒண்ணு காவலுக்கு நிப்பேன், இல்ல ஜீப்புல போவேன்."

மறுநாள் காலை நர்ஸின் நீளமான அங்கியைக் கடன் வாங்கி உடுத்தாள். தலைக்கு ஒரு துணி. கையில், தான் எப்போதும் வெளியே போகும்போது கொண்டுபோகும் பை, உள்ளே இருந்தது இருந்தபடியே. பின்பக்கமாக முகாமை விட்டு வெளியேறி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து வரிசையில் நின்றாள். வாசலில் இருந்தது புதிதாக வந்திறங்கிய படைப்பிரிவு. யாருக்கும் அவள் முகம் தெரியாது. சின்னவயதில் கூத்துக்கு வேஷம் கட்டியபோது இருந்த குறுகுறுப்பு அவளுக்கு.

வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். முன்னால் லாரி டிரைவர்கள், பின்னால் சிமென்ட் மூட்டை கொண்டுவந்தவர்கள். மேசைக்குப் பின்னால் பெரிய மீசை வைத்த காவலர் ஒருவர். நாலைந்து பெண்பிள்ளைகளைப் பெற்றவர்போல அவ்வளவு பதவிசு. வாசலுக்கு வேண்டிய அளவு ஊர் மொழியும் கற்றுவைத்திருந்தார்.

"கையத் தூக்குங்கம்மா."

தூக்கினாள். அவர் தொடவில்லை. கையிலிருந்த கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தோளிலிருந்து கால்வரை ஓட்டினார். மார்புப் பக்கம் வந்ததும் உள்ளாடைக் கொக்கிக்கு அது கீச்சென்று கத்தியது. மறுபடி ஓட்டினார், மறுபடி கத்தியது. லாரிக்காரர்கள் எல்லோரும் ஏககாலத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

"பையக் குடுங்கம்மா."

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சீப்பு, மணிபர்ஸ், பாதி பிஸ்கட் பாக்கெட். காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலம் எதுவானாலும் பிரிக்க வேண்டும் என்பது விதி. பிரித்தார். இரண்டு நாப்கின். மீசைக்காரரின் காது சிவந்தது. பாவம், அதைத் திருப்பிச் சுற்றவும் அவருக்குத் தெரியவில்லை, எடுத்துப் பையில் போடவும் கை வரவில்லை. அப்படியே மேசைமேல், சீப்புக்குப் பக்கத்தில், வெயிலில் கிடந்தது.

"எங்க போகணும்மா?"

"பெண்கள் அறைக்கு."

"என்ன புகார்?"

"அத அங்கதாங்க சொல்லணும்."

"வந்த காரணம் கேட்காம உள்ள விடக் கூடாதும்மா. யார் மேல புகார்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, லாரிச் சத்தத்துல கேக்கல."

அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் என்ஜினை அணைத்தான். வரிசை முழுக்கக் கப்சிப். இத்தனை காது ஒருசேரத் தன் பக்கம் திரும்பி அவள் பார்த்ததில்லை. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பொய்ப் புகாரைத் தயார்செய்துகொண்டுதான் வந்திருந்தாள். நாக்கு புரளவில்லை. பொய்யையே சொல்ல முடியவில்லையே, மெய்யை வைத்துக்கொண்டு வந்தவள் என்ன செய்வாள்?

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, சாமான்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். யாரும் கேலி செய்யவில்லை, யாரும் தொடவில்லை, எல்லோரும் அத்தனை மரியாதை. யார்மேலும் குற்றம் சொல்ல இடமில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எதிர்ச்சாரியில் மர நிழலில் முட்டைக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார்.

"வேஷம் நல்லாத்தான் இருக்கு. பூட்ஸ மாத்த மறந்துட்டியே?"

துருவி குனிந்து பார்த்தாள். அங்கிக்குக் கீழே ராணுவ பூட்ஸ். பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா, இதனாலதானா?"

"பின்ன? நீ அந்தப் பலகைக்குள்ள நின்னப்ப வந்தோம், கையத் தூக்கினோம், நாலு வார்த்தை பேசினோம், போனோம். இந்த ஊர்ல ஆம்பளை காது இல்லாத இடம் அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதயும் பிரிச்சிட்டீங்க. எங்க குறையக் கேக்கறதுக்காகப் பிரிச்சீங்களாமே?"

"உள்ள ரூம் இருக்கேக்கா."

"ரூம் இருக்கு, யாரு இல்லேன்னா? திரைகூட நீலமாமே. போற வழியில அந்த மேசை இருக்குதே."

துருவிக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறைப்புக்குள் அவர்கள் பேசியதையெல்லாம் அவள் அரட்டை என்று நினைத்திருந்தாள். கை வேலை பார்க்கும், காது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். தனக்கு உத்தியோகம் இப்போதுதான் கிடைத்தது என்று நினைத்தாளே, உத்தியோகம் பார்த்தது அங்கேதான்.

"ஆத்து ரோட்டுல ஏதாச்சும் உண்டாக்கா?"

முட்டைக்காரம்மாவின் சிரிப்பு நின்றது. வாசலைப் பார்த்தார், லாரிக்காரர்களைப் பார்த்தார்.

"இங்க வச்சா கேப்ப?" என்று மட்டும் சொன்னார்.

கர்னல் முழுவதையும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பசங்க ஏதாவது தப்பாப் பேசினாங்களா?"

"இல்ல சார்."

"தொட்டாங்களா?"

"ஒரு சாண் தள்ளித்தான் நின்னாங்க சார்."

"அப்புறம் என்னதான் கஷ்டம்? எனக்குப் புரியலையே." நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் இருந்தது. அந்த ஆசையைத் துருவி பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா புரியாது சார். எனக்கே நேத்துவரைக்கும் புரியலை. நீங்களும் ஒருதடவை ஊர்க்காரர் மாதிரி அந்த வழியா நடந்து வந்து பாருங்க. சோதிக்கறது நாங்க. பெண்கள்."

கர்னல் சிரித்துவிட்டு, "அதுக்கென்ன" என்றார்.

அன்று மதியம் மீசைக்காரரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு மேசைக்குப் பின்னால் துருவியும் நர்ஸும் நின்றார்கள். சேதி எப்படித்தான் பரவியதோ, முட்டைக்காரம்மாவோடு ஏழெட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கர்னல் சாதாரணச் சட்டையில், தோளில் எப்போதும் வெளியே கொண்டுபோகும் துணிப்பையோடு, நடைப்பயிற்சி போகிறவர்போல ஜம்மென்று வந்தார்.

"கையத் தூக்குங்க" என்றாள் நர்ஸ். கருவி இடுப்புப் பட்டைக்குக் கத்தியது. பெண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கர்னல் லேசாகச் செருமினார்.

பையிலிருந்து துண்டு வந்தது, கண்ணாடிக் கூடு வந்தது. அடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"அது வேண்டாம்" என்றார் கர்னல் அவசரமாக.

"பொட்டலம் எதுவானாலும் பிரிக்கணும் சார். உங்க விதி."

நர்ஸ் பிரித்தாள். மூலத்துக்குத் தடவும் களிம்பு. முகாம் நர்ஸிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஊர்க்கடையில் வாங்கி ஒளித்துவைத்தது, கடைசியில் அந்த நர்ஸின் கையிலேயே வந்து உட்கார்ந்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதை மேசைமேல் வைத்தாள்.

"வந்த காரணம் என்ன?" என்று கேட்டாள் துருவி. "சத்தமா சொல்லுங்க."

கர்னல் வாயைத் திறந்தார், மூடினார். கழுத்துவரை சிவந்துவிட்டது. எத்தனையோ போர்க்களம் பார்த்தவர், ஒரு களிம்புக் குழாய்க்கு முன்னால் கையைத் தூக்கியபடி நின்றார். யாரும் சிரிக்கவில்லை. முட்டைக்காரம்மா முன்னால் வந்து, கூடையின் மேல் மூடியிருந்த துணியை எடுத்துக் களிம்பின்மேல் போட்டார்.

கர்னல் கையை இறக்கினார். அந்தத் துணியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தச்சரைக் கூப்பிடுங்க" என்றார் கடைசியில். "அந்த மறைப்ப இன்னிக்கே கட்டச் சொல்லுங்க. புகாரக் கேக்கற கேள்வி இனி இந்த வாசல்ல வேண்டாம்." பிறகு துருவியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. வாசல்ல நின்னா தலைமையகக் கணக்குல நீங்க பெண் அதிகாரி இல்ல, வெறும் காவலாளி. பதவி எறங்கிடும்."

"எறங்கட்டும் சார்." டக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, வலித்தது. அம்மா ஆபீஸர் ஆகிவிட்டாள் என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். "இன்னொண்ணு சார். மறுபடி நான் ஒருத்தியே நாள் முழுக்க நிக்க முடியாது. நாங்க நாலு பேரும் முறை போட்டுக்கறோம். ஊர் மொழிய அவங்களுக்கு நான் சொல்லித் தர்றேன்."

"கணக்குப் பிரிவுல இருக்கற அம்மா வாசலுக்கு வந்துட்டா கணக்க யார் பார்க்கறது?"

"அறுநூறு ஆம்பளைங்க இருக்காங்க சார். ஒருத்தருக்காவது கூட்டத் தெரியாமலா இருக்கும்?"

வியாழக்கிழமை காலை, அலமாரியாக இருந்த பலகைகள் மறுபடி மறைப்பாக நின்றன. கதவுக்கு அந்த நீலத் திரைச்சீலையையே கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். முதலில் முட்டைக்காரம்மா வந்தார். சொல்லாமலே கையைத் தூக்கினார். துருவி தோளிலிருந்து ஆரம்பித்தாள். இடுப்புவரை வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆத்து வளைவுல நாலு பேர் உக்காந்திருக்கானுங்க. உங்க வண்டி திரும்பிப் போற வரைக்கும் புதருக்குப் பின்னால இருப்பானுங்க. போன வாரம் என் மருமக குடத்த அங்கயே போட்டுட்டு ஓடியாந்தா. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த வண்டியும் வராது, ரோடு எங்களுதுன்னு அவகிட்டயே சொல்லியிருக்கானுங்க."

கர்னல் இன்னும் எழுதாத பதில் ஆற்றங்கரைவரை போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏங்க்கா இத இத்தனை நாள் சொல்லல?"

"சொல்லத்தான் தெனம் வந்தேன். அந்த மேசை வரைக்கும் வருவேன், திரும்பிப் போவேன். நீ உள்ள நாற்காலில உக்காந்திருந்த."

எப்போதும் அடுத்த கேள்வியை வாயில் வைத்திருக்கும் துருவிக்கு அப்போது ஒரு கேள்விகூட இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரையை விலக்கி நர்ஸைக் கூப்பிட்டு, காதில் சொல்லி, கர்னலிடம் ஓட விட்டாள். முட்டைக்காரம்மா கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதற்குள் இரண்டு வண்டிகள் வாசலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் பறந்தன. முன்வண்டியில் கர்னலே உட்கார்ந்திருந்தார். ரோந்தை நிறுத்துவதா என்று யாரும் இனி அவரைக் கேட்க வேண்டியிருக்காது.

துருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். வரிசை மரத்தைத் தாண்டித் தெருமுனைவரை போயிருந்தது. துவைக்கிறவர்கள் சிலர், காய்கறிக்காரர்கள் சிலர், அவள் முன்பின் பார்த்திராத பெண்கள் நிறையப் பேர். அடுத்து ஓர் இளம்பெண் உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டாள். முட்டைக்காரம்மாவின் மருமகள். கையில் கூடையும் இல்லை, பையும் இல்லை.

"உள்ள என்ன வேலையாப் போகணும்மா?" என்று பழக்கத்தில் கேட்டாள் துருவி.

"உள்ள ஒரு வேலையும் இல்லக்கா" என்றாள் அவள். "சோதனைக்குத்தான் வந்தேன்." இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.